முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கு, தட்டை, அதிரசம் எல்லாம் வீட்டிலேயே சுடுகிறேன். கடைசியில் ஒரு லிட்டர் எண்ணெயாவது மிஞ்சிவிடுகிறது. அதை வடிகட்டி வைத்து, கார்த்திகை வரை அப்பளம், வடை பொரிப்பது மாமியார் காலத்து வழக்கம். கணவருக்கு வயது 58. சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்படிச் செய்யலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், அம்மா. எண்ணெய் விற்கிற விலையில் ஒரு லிட்டரைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் துணியில் வடிகட்டினால் மாவுத் துகளும் கசடும்தான் போகும். சூட்டில் எண்ணெய் சிதைந்து உண்டான பொருள்கள் அதிலேயே கரைந்திருக்கும். அவை எந்தத் துணியிலும் நிற்காது.

பிழிந்த மாவு விழுந்ததும் எண்ணெய் சடசடவென்று நுரைக்கிறதல்லவா? மாவிலுள்ள நீர் ஆவியாகிறது. அந்த நீரும் காற்றும் நீண்ட நேரச் சூடும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கின்றன. ஒவ்வோர் ஈட்டுக்கும் சிதைவு கூடும். எண்ணெய் புகையத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். காலையில் புகையாத எண்ணெய் மாலையில் அதே தீயில் கண்ணைக் கரிப்பது இதனால்தான். இந்தச் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கறுத்தாலோ, காறல் வாடை வந்தாலோ, நுரை அடங்காமல் ஏறினாலோ, அன்றே அதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ரத்தக் குழாயில் அடைப்பு வந்தவருக்கு அந்த எண்ணெயில் வடை பொரித்துக் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் மிஞ்சாதபடி சுடுவதுதான் நல்ல வழி. அகன்ற வாணலியை உள்ளே வைத்துவிட்டு, குறுகலான, குழிந்த சின்ன வாணலியை எடுங்கள். எண்ணெயும் குறைவாகப் பிடிக்கும், காற்றுப் படும் பரப்பும் குறையும். ஈட்டுக்கு இரண்டு முறுக்குதான் வேகும், நேரம் ஆகும், பரவாயில்லை. உதிர்ந்த துகள்களை ஜல்லிக் கரண்டியால் அவ்வப்போது அரித்தெடுங்கள். அவை கருகினால் எண்ணெயும் சீக்கிரம் கறுக்கும். முறுக்கு, தட்டையை முதலில் முடித்துவிட்டு அதிரசத்தைக் கடைசியில் சுடுங்கள், வெல்லம் கசிந்து அடியில் கரிந்துவிடும். பல வீடுகளில் எண்ணெய் குறையக் குறையப் புதிதாக ஊற்றிக்கொண்டே போகிறார்கள். பழையதோடு சேரும் புது எண்ணெயும் விரைவில் கெடும். சூரியகாந்தி எண்ணெயைவிடக் கடலை எண்ணெய் சூட்டை நன்றாகத் தாங்கும். முறுக்கு கரகரப்பாக வர டால்டா சேர்க்காதீர்கள்; கொஞ்சம் வெண்ணெய் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிறம் மாறாத எண்ணெய் ஒரு கிண்ணம் மிஞ்சினால், வடிகட்டி, இரண்டு நாளுக்குள் குழம்புத் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

உங்கள் கணவர் பண்டிகையன்று ஒன்றிரண்டு முறுக்கு சாப்பிடட்டும். தட்டு நிறையக் கொடுக்காதீர்கள். எண்ணெயோடு உப்பும் சேர்கிறது. அலைச்சலில் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பலகாரம் சாப்பிட்ட பிறகு அவருக்கு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.