ஐ.பி.எஸ். என்கிறார்கள், பயாப்ஸியிலோ "லேசான நாள்பட்ட அழற்சி" என்று வந்திருக்கிறது. எதை நம்புவது?

திருப்பூரிலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் நிலை இது. வயது 36. பல மாதங்களாக அடிவயிற்றில் வலி. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மருத்துவர் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்; குடல் பார்வைக்கு இயல்பாக இருந்தும் வலியும் மலப்போக்கில் மாற்றமும் வரும் நிலை) என்று சொல்லியிருக்கிறார். கேமராக் குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியின் அறிக்கை, பெருங்குடல் இயல்பாக இருப்பதாகச் சொல்கிறது. அப்போது எடுத்த திசுத் துணுக்கைப் பரிசோதித்த பயாப்ஸி அறிக்கையோ "லேசான, குறிப்பான காரணம் காட்டாத நாள்பட்ட அழற்சி" என்கிறது. அழற்சி இருக்கும்போது அது எப்படி வெறும் ஐ.பி.எஸ். ஆகும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பராக நெடுங்காலமாக வேலை செய்கிறேன். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அண்ணனுக்கும் இதே நோய் இருப்பதால், அந்த ஒற்றை வரி ஒரு வீட்டை எந்த அளவுக்குக் கலக்கிவிடும் என்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

முதலில், அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கொலனோஸ்கோப்பியின்போது எடுக்கப்படும் துணுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது ஃபார்மலினில் மிதந்தபடி எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் அளவுக்கு மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் ஏற்றுவோம். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். எந்த நோயும் இல்லாதவரின் பெருங்குடல் உட்படலத்திலும் நோய் எதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் நிறையவே இருக்கும், குறிப்பாக வலப்பக்கப் பெருங்குடலில். கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளுக்குப் பக்கத்தில் வாழும் படலம் அப்படித்தான் இருந்தாக வேண்டும். அந்தச் செல்கள் வழக்கத்தைவிடச் சற்று அதிகமோ என்று தோன்றும்போதும், சில நேரங்களில் அதிகமே இல்லாதபோதும், "லேசான நாள்பட்ட அழற்சி" என்ற சொற்றொடர் பழக்கத்தால் அறிக்கையில் ஏறிவிடுகிறது. "இயல்பு வரம்புக்குள் உள்ளது" என்று எழுதினால் போதுமான இடங்களில் இதை எழுதுவது நோயாளிக்குத் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

உண்மையான குடல் அழற்சி நோய்களான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன் ஆகியவற்றில் திசுவின் கட்டமைப்பே மாறியிருக்கும். நேராக, வரிசையாக நிற்க வேண்டிய சுரப்பிக் குழிகள் கிளை பிரிந்தும் குட்டையாகியும் கோணியும் இருக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குழிகளின் சுவருக்குள் புகுந்து சில இடங்களில் சீழாகத் தேங்கியிருக்கும். பிளாஸ்மா செல்கள் அடிப்பகுதியில் குவிந்திருக்கும். க்ரோனில் சில சமயம் கிரானுலோமா (நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரியும். உங்கள் அறிக்கையில் இவற்றில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் இருப்பதால், கிரானுலோமா என்றோ, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் என்றோ எழுதியிருந்தால் அதைக் கட்டாயம் தொடர்ந்து ஆராய வேண்டும். ஆனால் மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் எடுக்கும் வலி மாத்திரைகளால்கூட அந்த இடத்தில் சிறு புண்கள் வரும். குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்துகளில் சோடியம் பாஸ்பேட் வகையாலும் சிறு மாற்றங்கள் வருவதுண்டு. நீங்கள் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஐ.பி.எஸ்.-இல் அழற்சியே கிடையாதா? என் அண்ணன், "எல்லாமே நல்லா இருக்குதுங்கறாங்க, அப்புறம் எதுக்குடா இந்த வலி?" என்று கேட்டபோது என்னிடம் இருந்த பதில் இதுதான். 1973-இல் ரிச்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். 60 மி.லி. அளவில் ஐ.பி.எஸ். உள்ளவர்களில் 55 விழுக்காட்டினருக்கு வலித்தது. மற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கே வலித்தது. குடலின் உணர்வு நரம்புகள் கூர்மைப்பட்டிருப்பதை அது காட்டியது. 2004-இல் இத்தாலியில் பார்பராவின் குழுவினர் இன்னும் நெருங்கிச் சென்று, தூண்டப்பட்ட மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) குடல் நரம்புகளுக்கு அருகில் இருப்பதையும், அந்த நெருக்கம் வலியின் அளவோடு ஒத்துப்போவதையும் கண்டார்கள். வழக்கமான நீல, இளஞ்சிவப்புச் சாயத்தில் மாஸ்ட் செல்கள் எளிதில் புலப்படா. அவற்றுக்குத் தனிச் சாயம் வேண்டும். ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள வரி இந்த நுண்ணிய மாற்றத்தைப் பற்றியது அன்று. கிருமித் தொற்றால் வரும் கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். வருகிறது. கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000-ஆம் ஆண்டு குடிநீர் மாசுபட்ட பின் இது பெருமளவில் கண்டறியப்பட்டது.

ஸ்டீராய்டு குறித்த உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. தொற்றுக்குப் பின் வந்த ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 30 மி.கி. வீதம் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. திசுவில் லிம்போசைட்டுகள் குறைந்தன. நோயாளிகளின் தொல்லை குறையவில்லை. 2016-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் குடல் அழற்சிக்குத் தரப்படும் மெசலமைன் மருந்தும் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. என் அண்ணனுக்கு ஒரு மருத்துவமனையில் அந்த அழற்சி வரியை மட்டும் வைத்து ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் அதைத் தொடங்க வேண்டாம் என்று நான் தடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

இயல்பாகத் தெரியும் பெருங்குடலிலும் மறைந்திருக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு: மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ். கேமராவில் ஒன்றும் தெரியாது; திசுவில்தான் தெரியும். தண்ணீராகப் போகும், நாள்பட்ட வயிற்றுப்போக்கு இதன் அடையாளம். வயதான பெண்களிடம் கூடுதல். 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மலச்சிக்கல் இல்லாத ஐ.பி.எஸ். என்று கருதப்பட்ட 466 பேருக்குக் கொலனோஸ்கோப்பி செய்ததில் 1.5 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. 45 வயதுக்கு மேற்பட்டோரில் 2.3 விழுக்காடு. குடல் அழற்சி நோய் 0.4 விழுக்காடுதான். எனவே வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் தனித்தனியாகத் துணுக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்து, மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை. இது நியூட்ரோஃபில்களிலிருந்து வரும் புரதம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. 250-ஐத் தாண்டினால் விடக் கூடாது. இடையில் வந்தால் மருத்துவரைக் கேட்டு வலி மாத்திரைகளை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இத்துடன் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி., ஹீமோகுளோபின் ஆகியவையும் இயல்பாக இருந்தால், ஐ.பி.எஸ். என்ற முடிவை நம்பி அதற்கான சிகிச்சையில் இறங்கலாம்.

அந்தச் சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நம் பக்கத்துச் சமையலில் கொள்ளு, சின்ன வெங்காயம், பூண்டு, பால் ஆகியவை குடலில் நொதித்து வாயுவைக் கூட்டக்கூடியவை; ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, ஒத்துக்கொள்வதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே தவிர, மொத்தமாக ஒதுக்கி மெலிந்துபோகக் கூடாது. மனச்சோர்வுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரை குறைந்த அளவில் பயன் தருவதை 2023-இல் பிரிட்டனில் 463 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அது மனநோய்க்கான மாத்திரை என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், இங்கே அது குடல் நரம்பின் கூர்மையைத் தணிக்கவே தரப்படுகிறது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் நான் மேலே சொன்ன ஆறுதல் எதுவும் பொருந்தாது. உடனே இரைப்பைக் குடல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இவை இல்லாமல், அந்த ஒற்றை வரி மட்டுமே உறுத்துகிறது என்றால் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள அவசரப்பட வேண்டாம். உங்கள் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் பரிசோதனைக் கூடங்கள் பத்திரமாக வைத்திருக்கும். எழுதிக் கேட்டுப் பெற்று, குடல் திசுவில் தேர்ந்த வேறொரு பேத்தாலஜிஸ்டிடம் (திசுவை ஆராய்ந்து அறிக்கை தரும் மருத்துவரிடம்) காட்டலாம்.