தாம்பரம் பக்கம் நல்ல படம் எடுக்க இடம் எங்கே இருக்கிறது?

தாம்பரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன், கையில் கேமரா இருக்கிறது, மகாபலிபுரம் வரை வண்டி ஓட்டாமல் பக்கத்திலேயே வெளிப்புறப் படம் எடுக்க இடம் சொல்லுங்கள், இங்கே அடுக்குமாடியும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) நெடுஞ்சாலையும்தான் கண்ணில் படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேலையூரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் இதே புலம்பல்தான். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து மகாபலிபுரம் போய், எனக்கு முன்பே வந்து நிற்கிற கேமராக்களுக்குப் பின்னால் நின்று, எல்லோரும் எடுக்கிற அதே கடற்கரைக் கோயில் படத்தை எடுத்துக்கொண்டு திரும்புவேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருப்பதே அப்போது உறைக்கவில்லை.

ஏரிதான் பதில். நம் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம். ஒவ்வொன்றும் ஒரு ஏரியை நம்பி உருவான ஊர். வீடுகள் மறைத்துக்கொண்டிருப்பதால் சாலையில் போகும்போது தெரியாது. மொபைலில் மேப்பைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள், திட்டுத்திட்டாக நீலமும் பச்சையும் தெரியும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். ஏரியின் ஒரு ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல் நேராகவோ வில்லாகவோ இருக்கும், அதுதான் மண் கொட்டிக் கட்டிய கரை. எதிர்ப்பக்கம் ஒழுங்கில்லாமல் பிய்ந்தாற்போல் இருப்பது தண்ணீர் வந்து சேரும் பக்கம். கரையை எப்போதும் பள்ளமான பக்கத்தில்தான் கட்டுவார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே இருக்கிற நம் ஏரிகளின் தண்ணீர் சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றாக வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது, அதாவது மொத்தத்தில் கிழக்குப் பக்கமாகச் சரிகிற நிலம். அதனால் பெரும்பாலும் கரையில் நின்றால் முகத்துக்கு நேரே மேற்கு, நடுவில் தண்ணீர். சூரியன் தண்ணீர்மேல் இறங்கும். காலையில் அதே கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும், எதிரே இருக்கும் பறவைமேல் நேராக விழும். காலையில் பறவை, மாலையில் நிழலுருவம், இரண்டும் ஒரே இடத்தில்.

ஜி.எஸ்.டி.க்கு மேற்கே, முடிச்சூர் பக்கம் போனால் இந்தக் கணக்கு மாறும். அங்கே தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு நினைவிருக்கும். அங்கே ஒவ்வொரு ஏரியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு சிட்லபாக்கம் ஏரி வசதி. கரையில் நடைபாதை இருக்கிறது, காலையில் நடக்க வருபவர்கள் இருப்பதால் பயமில்லை, கேமராவைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. முக்குளிப்பான், தாழைக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் கிடைக்கும். நீர்க்காகம் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு காயவிடும்போது அசையாது, புதிதாக எடுப்பவர்களுக்கு அதைவிடப் பொறுமையான ஆள் கிடையாது. 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். ஐநூறு, அறுநூறு மி.மீ. லென்ஸ் வேண்டும் என்று இப்போதே கடன் வாங்காதீர்கள்.

மாடம்பாக்கத்துக்கு ஒரு மாலை போதும், இரண்டு வேலை முடியும். தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது, தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது. கருவறை விமானம் படுத்திருக்கும் யானையின் பின்பக்கம்போல் வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். நாலரை, ஐந்து மணி வெயில் பக்கவாட்டில் சாய்ந்து அந்த வளைவில் விழும்போது கல்லின் ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும், உச்சி வெயிலில் அதே சுவர் தட்டையாக, ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கையில் பிடித்து வெளிப்புறத்தை எடுக்க என்னை யாரும் தடுத்ததில்லை, ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள், முக்காலியை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். அங்கிருந்து அப்படியே ஏரிக்கரைக்குப் போய்விட்டால் அஸ்தமனமும் கிடைத்துவிடும்.

முக்காலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை ஓர் ஏரியோரம் முக்காலியை விரித்துவைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தே நிமிடத்தில் நாலைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள். "சார், அளக்க வந்திருக்கீங்களா? எங்க வீடு பட்டாதான் சார்" என்றார் ஒரு அம்மா. படம் எடுக்க வந்தவன் என்று நம்பவைக்கக் கேமராவில் இருந்த நாமக்கோழிப் படம் முழுவதையும் காட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் டீ கொடுத்தார்கள், அது வேறு கதை. ஏரியோரம் குடியிருப்பவர்களுக்கு அளவை என்றால் என்ன பயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதிலிருந்து வீடுகள் பக்கம் முக்காலியே எடுப்பதில்லை.

ஆகாய விமானங்களைப் படம் எடுக்கப் பிடிக்குமா? அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, இரண்டு மலைகள் இருக்கின்றன. பரங்கிமலை விமான ஓடுபாதையின் கிழக்கு முனைக்குப் பக்கத்தில், திருநீர்மலை மேற்கு முனைக்கு அப்பால். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எனவே தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, பரங்கிமலையை ஒட்டி இறங்கும். வாடைக்காற்று வந்துவிட்டால், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, மேற்கேயிருந்து திருநீர்மலைப் பக்கமாக வரும். இது தெரியாமல் டிசம்பரில் பரங்கிமலையில் மூன்று மணி நேரம் காத்திருந்து வால்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவன் நான். பரங்கிமலை உச்சியில் பழைய தேவாலயம் இருக்கிறது, அங்கே வருபவர்கள் ஜெபத்துக்கு வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் அடிக்கோடு போட்டது இந்தப் பரங்கிமலைப் பக்கம்தான். அவர் கருவியையும் முக்காலியையும் பார்த்து ஊர்க்காரர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

திருநீர்மலை நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று பெருமாள் நான்கு கோலத்திலும் இருக்கிற ஊர். கோயில்களுக்குள் மொபைலுக்குத் தடைபோட 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஆகவே உள்ளே எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கீழே குளமும் படிக்கட்டும் பின்னால் மலையும் சேர்ந்த படமே போதும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். தூசி அடங்கிப் பார்வை எட்டும் தூரம் கூடியிருக்கும்.

பள்ளிக்கரணை எல்லோருக்கும் தெரிந்ததுதான், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் கூழைக்கடா, தண்ணீர் இருப்பைப் பொறுத்துப் பூநாரை. பெருங்குடிக் குப்பை மேட்டைப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே தள்ளப் பலர் படாதபாடு படுவார்கள். நான் இப்போதெல்லாம் வேண்டுமென்றே உள்ளே வைக்கிறேன். பறவைக்குப் பின்னால் அந்த மேடு இருந்தால்தான் அது பள்ளிக்கரணை.

வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பலர் சொல்வார்கள். குடும்பத்தோடு போகலாம், படத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும், மிச்சம் கம்பிவலை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிறித்தவக் கல்லூரி வளாகம் சொர்க்கம், 360 ஏக்கருக்கு மேல், பாதி காடு. ஆனால் அனுமதி வேண்டும். அங்கே படித்த நண்பர் யாராவது இருந்தால் தொற்றிக்கொள்ளுங்கள். முகங்கள் எடுக்க ஆசை என்றால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பழைய ரேடியோ, செடி, ஓட்டை மின்விசிறி எல்லாம் வரும். முதலில் ஏதாவது வாங்குங்கள், பேச்சுக் கொடுங்கள், அப்புறம் கேட்டு எடுங்கள்.

நேரம்தான் கொஞ்சம் கறார். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். பொன்னிற வெளிச்சம் என்பது அரை மணி, முக்கால் மணிதான். ஜனவரியில் ஆறரைக்கு மேல் உதிக்கும், மே கடைசியில் 5.40 போல. உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே கரையில் இருக்க வேண்டும். அஸ்தமிக்கும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே தள்ளி, ஜூனில் வடக்கே. போன மாதம் தென்னைமரத்துக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இந்த மாதம் யாரோ ஒருவரின் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இறங்கும். ஏப்ரல், மேயில் ஏரி வற்றினாலும் விட்டுவிடாதீர்கள். வெடித்த சேறும், நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதும் கிடைக்கும். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற ஒரே படம் அதுதான்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம், பிடித்தால் கேமராவோடு போகாது. தளத்தின் மதில் பக்கம் லென்ஸையும் திருப்பாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கி நிற்கவும் கூடாது. ரயில் வேண்டுமென்றால் நடைமேம்பாலத்தின்மேல் ஓரமாக நின்று மொபைலில் எடுங்கள்.

இந்த ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு நான் சிட்லபாக்கம் கரையில்தான் இருப்பேன். முக்காலி இல்லாமல், காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு ஒருத்தர் நின்றால் நான்தான். கொசு நிறைய, ஓடோமாஸ் எடுத்து வாருங்கள்.