பில் எகிறினால் முதலில் தேதியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மின்கட்டணம்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஒரே கவலையைச் சொல்கின்றன: பயன்பாடு கூடவில்லை, கட்டணம் மட்டும் கூடிவிட்டது. கீழே போட்டிருக்கும் கணக்குகள் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தின்படி, மானியம் போக நுகர்வோர் கட்டவேண்டிய தொகை. விகிதம் மாறினாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

கணக்கெடுக்க வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. மீட்டர் உள்ளே இருக்கிறது. அதனால் போன முறைக் கட்டணமான 940 ரூபாயையே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். இந்த முறை 700 யூனிட் ஓடியிருக்கிறது, 3,825 ரூபாய் என்கிறார்கள். கட்டிய 940 போக 2,885 கட்டவேண்டுமாம். கட்டிய பணத்தைத்தான் கழித்துவிட்டார்களே, இதில் தவறு ஏதும் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

உண்டு. 700 யூனிட் நான்கு மாதத்துக்கானது. அதை இரண்டு மாதக் கணக்கில் போட்டதுதான் தவறு.

நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய், 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

இப்போது உங்கள் கணக்கு. 700 யூனிட்டையும் ஒரே மூச்சில் போட்டால் 1,410 + 630 + 840 + 945, ஆக 3,825. இரண்டாகப் பிரித்து 350, 350 என்று போட்டால் ஒவ்வொன்றும் 235 + 705 = 940. இரண்டுக்கும் சேர்த்து 1,880. கட்டிய 940 போக, நீங்கள் கட்டவேண்டியது இன்னொரு 940 மட்டுமே. உங்களிடம் கூடுதலாகக் கேட்பது 1,945 ரூபாய். பணத்தைக் கழித்தது சரிதான், ஆனால் அதற்கு முன்பே யூனிட்டைப் பிரித்திருக்க வேண்டும். 2020 ஊரடங்கின்போது வீடு வீடாகப் போகமுடியாமல் முந்தைய தொகையை வசூலித்துவிட்டு, பிறகு நான்கு மாத ரீடிங்கை இரண்டாகப் பிரித்துத்தான் கணக்கிட்டார்கள். அந்த முறையையே உங்களுக்கும் கேளுங்கள்.

பிரிவு அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். மின் இணைப்பு எண், கடைசியாக நேரில் ரீடிங் எடுத்த தேதியும் எண்ணும், பூட்டியிருந்ததாகக் குறித்த தேதி, இப்போதைய ரீடிங்கும் தேதியும் – இந்த நான்கையும் எழுதி, "இடைப்பட்ட யூனிட்டுகளை இரண்டு கணக்கீட்டுக் காலங்களுக்கும் பிரித்துத் திருத்திய கட்டணம் தரவும்" என்று முடியுங்கள். ரீடிங் குறித்துவரும் வெள்ளை அட்டையின் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த மேல்முறையீட்டுக்கும் அந்த முத்திரைதான் ஆதாரம்.

இனி வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், ரீடிங் தெரியும்படி மீட்டரைப் படம் எடுத்து, தேதியோடு பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு இடம் தருகின்றன.

புது மீட்டர் பொருத்தி ஒரு மாதம்தான் ஆகிறது. 91,762 யூனிட், 10,55,171 ரூபாய் கட்டவேண்டும் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. என் தாயார் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.
– வாசகர், விருதுநகர்

முதலில் தாயாரிடம் சொல்லுங்கள், இந்தப் பணத்தை யாரும் கட்டவேண்டியதில்லை. இது கழித்தல் கணக்கில் வந்த பிழை.

நீங்கள் அனுப்பிய அட்டை நகலில் பழைய மீட்டரின் முந்தைய ரீடிங் 8,450. புது மீட்டரின் இப்போதைய ரீடிங் 212. மீட்டர் மாறியதைக் கணினியில் பதியாமல் விட்டால், 8,450-லிருந்து ஓடி 99,999-ஐத் தொட்டு, மறுபடி சுழியத்திலிருந்து 212-க்கு வந்ததாக அது எடுத்துக்கொள்ளும். 1,00,000-லிருந்து 8,450-ஐக் கழித்து 212-ஐக் கூட்டிப் பாருங்கள், சரியாக 91,762 வரும்.

உண்மைக் கணக்கு இப்படி: பழைய மீட்டரைக் கழற்றியபோது இருந்த ரீடிங் 8,590 என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை ஓடியது 140 யூனிட். புதியதில் 212. மொத்தம் 352 யூனிட், கட்டணம் 949 ரூபாய் 40 காசு. பழைய மீட்டரின் இறுதி ரீடிங், புதிய மீட்டரின் வரிசை எண், அதன் தொடக்க ரீடிங் ஆகிய மூன்றையும் குறித்துக் கொடுத்தால், பதிவைத் திருத்திப் புதிய தொகை தருவார்கள். இதற்கு மீட்டர் சோதனை எதுவும் வேண்டாம். சோதனைக்குப் பணம் கட்டச் சொன்னால், பிழை பதிவில்தான், மீட்டரில் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மீட்டரைக் கழற்ற ஆள் வரும்போது, பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பழைய மீட்டரின் எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள். கழற்றிக் கொண்டுபோன பிறகு அந்த எண்ணைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. பழைய மீட்டர் ஓடாமல் நின்றிருந்தால், அது பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாதப் பயன்பாட்டின் சராசரியை வைத்துக் கணக்கிடவேண்டும் என்பது தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின் 11-ஆவது விதி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை, புள்ளியை விட்டுவிடுவது. திரையில் 4521.7 என்று இருப்பதை 45217 என்று எழுதிவிடுவார்கள். யூனிட் பல மடங்காகத் தெரிந்தால் கடைசி இலக்கத்தை மறைத்துப் பாருங்கள்.

60 நாளுக்கு ஒருமுறை வரவேண்டியவர் இந்த முறை 68-ஆம் நாள் வந்தார். 540 யூனிட் ஆகி 500-ஐத் தாண்டிவிட்டது. 2,376 ரூபாய். எனக்கு எவ்வளவு நட்டம்?
– வாசகர், தாம்பரம்

பலர் இதில் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் வாக்குவாதம் செய்கிறார்கள். 540-ஐ 68-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 7.94 யூனிட். 60 நாளுக்கு 476. அதற்குக் கட்டணம் சுமார் 1,654. அப்படியானால் 722 ரூபாய் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் மிச்சமுள்ள 64 யூனிட்டும் நீங்கள் பயன்படுத்தியதுதான். அடுத்த முறை அவர் வழக்கமான தேதிக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு 52 நாளில் முடியும், 413 யூனிட்தான் இருக்கும், கட்டணம் சுமார் 1,257. இரண்டு முறையும் சேர்த்து 3,633. தேதி தவறாமல் எடுத்திருந்தால் 3,314. உங்கள் உண்மையான நட்டம் 320 ரூபாய்க்கு ஓரிரு ரூபாய் குறைவு.

அது சிறிய தொகையல்ல, கேட்டுப் பெறவேண்டியதுதான். ஆனால் 722 கேட்டால் உங்கள் மனுவை எளிதாகத் தள்ளிவிடுவார்கள். யூனிட்டை நாள் கணக்கில் பிரித்துத் தரும்படி, இந்தக் கணக்கையே கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். 500-ஐ ஒட்டி வாழும் குடும்பங்கள் கணக்கெடுக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,124. பத்து யூனிட் கூடினால் 319 ரூபாய் கூடுகிறது.

ரீடிங், தேதி எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் யூனிட் இரட்டிப்பாகிவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஈரோடு

மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுக்கும் முன் வீட்டிலேயே மூன்று காரியம் செய்யுங்கள்.

வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீட்டரில் துடிக்கும் சிவப்புப் புள்ளி விளக்கைப் பத்து நிமிடம் கவனியுங்கள். துடிக்கவே கூடாது. துடித்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலிருந்து யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள், இல்லையென்றால் மீட்டரே பழுது.

அடுத்து, மெயினைப் போட்டு, எல்லாக் கருவிகளையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போது துடித்தால் வயரிங்கில் கசிவு இருக்கிறது. அறைவாரியாக மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த அறை, எந்த மோட்டார் என்று தெரிந்துவிடும். கிணற்று மோட்டாரும் பழைய கீசரும்தான் அடிக்கடி அகப்படுகின்றன.

மூன்றாவதாக, மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பலவற்றில் 3200. தண்ணீர் நிரம்பிய வாளியில் 1,000 வாட் ஹீட்டர் கம்பியை மட்டும் போட்டு எண்ணினால் நிமிடத்துக்குச் சுமார் 53 துடிப்பு வரவேண்டும். மின்னழுத்தம் 230-க்குப் பதில் 210 வோல்ட்தான் இருந்தால் கம்பி அவ்வளவு இழுக்காது, 44 அளவில் நிற்கும். அது பிழையல்ல. 53-ஐத் தாண்டி 70, 80 என்று போனால்தான் மீட்டரைச் சந்தேகிக்கவேண்டும். கம்பி ஓடும்போது வாளித் தண்ணீரைத் தொடவேண்டாம், பிள்ளைகளை அருகே விடவேண்டாம்.

ஒரு வீட்டைத் தடுத்து இரண்டு போர்ஷனாக்கி, இரண்டு மீட்டர் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிகளைப் பாருங்கள். இப்போதைய ஒருமுனை மீட்டர்களில் பெரும்பாலானவை பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டத்தை ஒப்பிட்டு, எது அதிகமோ அதையே கணக்கில் கொள்ளும். இரு வீட்டு நியூட்ரலும் எங்காவது ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், பக்கத்து வீட்டு ஏ.சி. ஓடும்போது உங்கள் மீட்டரும் ஏறும். மீட்டரில் ஈ.எல். என்று எழுதிய விளக்கு எரிவது இதற்கும் பூமிக்குக் கசிவதற்கும் அடையாளம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். அது உயிரையும் காக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, ரீடிங் உண்மைப் பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பொருத்தும் அன்று இரண்டு மீட்டரின் எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள்.

தகராறு தீரும்வரை கட்டாமல் இருக்கலாமா? கரண்ட்டைத் துண்டித்துவிடுவார்களா?
– வாசகர், நாகர்கோவில்

ஒன்றும் கட்டாமல் இருக்காதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1) உங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கேட்கும் தொகை, அல்லது கடந்த ஆறு மாதம் கட்டிய சராசரிக் கட்டணம், இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக்கூடாது. கடைசி மூன்று பில் 1,150, 940, 1,270 என்றால் மொத்தம் 3,360. மாதத்துக்கு 560, இரண்டு மாதத்துக்கு 1,120. ஆட்சேபத்தோடு கட்டுவதாகக் கடிதத்தில் இந்தச் சட்டப்பிரிவின் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். இணையத்தில் முழுத் தொகையைத்தான் கட்டமுடியும் என்பதால், இதற்கு அலுவலகத்துக்கே போங்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் என்பதை மனதில் வைத்து முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.

முழுத் தொகையையும் ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். கூடுதலாக வாங்கிய பணத்தை, கட்டிய நாளிலிருந்து, மின் இணைப்புக்கான வைப்புத்தொகைக்குத் தரும் அதே விகித வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்கிறது விதித்தொகுப்பின் 12-ஆவது விதி. காசோலையாகவோ அடுத்து வரும் கட்டணங்களில் கழித்தோ பெறலாம், தேர்வு உங்களுடையது.

நான்கு ஆண்டுக்கு முன் தவறான கட்டண வகையில் போட்டுவிட்டோம் என்று சொல்லி இப்போது பாக்கி கேட்கிறார்கள். இரண்டு ஆண்டு தாண்டினால் கேட்கமுடியாது என்கிறார் நண்பர்.
– வாசகர், வேலூர்

நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. பிரிவு 56(2) இரண்டு ஆண்டு வரம்பு வைத்திருப்பது உண்மை. ஆனால் இதேபோன்று கட்டண வகை தவறிய ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பிழை பின்னால் தெரியவந்தால் கூடுதல் கட்டணம் கேட்கத் தடையில்லை. ஆனால் வரம்பு கடந்த அந்தப் பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது. ஆகவே கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். எந்த மாதத்துக்கு எத்தனை யூனிட், எந்த விகிதம், என்ன வித்தியாசம் என்று மாதவாரியான பட்டியல் கேளுங்கள். பட்டியலைச் சரிபார்த்து, உண்மையில் பாக்கி இருந்தால் தவணை கேட்டு எழுதுங்கள். பிழை உங்களுடையது அல்ல என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

பிரிவு அலுவலகத்தில் வேலை ஆகவில்லையென்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் பதிந்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படி, உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தீர்ப்பிலும் நிறைவில்லையென்றால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். முத்திரை வாங்கிய அந்தப் பிரதியை மனுவோடு வைக்க மறக்காதீர்கள்.