பாதியில் அறுந்த இசியு நிரலேற்றம்

வணக்கம் ஐயா. செந்தூல் பட்டறையில் உங்கள் காரின் இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) நிரல் ஏற்றும்போது பாதியில் அறுந்துவிட்டது, இப்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்குகூட எரியவில்லை, புதிய இசியு வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

புதிய நிரலை எழுதுவதற்கு முன் பழையது அழிக்கப்படுவதால், இடையில் பேட்டரி இறங்கினால் நினைவகம் அரைகுறையாக நின்றுவிடும். ஆனால் புதிய நிரலை ஏற்க உதவும் பூட்லோடர் என்ற சிறு தொடக்க நிரல் பெரும்பாலும் தனிப் பகுதியில் அழியாமல் இருக்கும் என்பதால், இசியுவைக் கழற்றி மேசையில் வைத்து மீட்டெடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு முன் ஃபியூஸையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மறுமுறை ஏற்றும்போது, சாதாரண சார்ஜரை நம்பாமல், ஏறக்குறைய 13.5 வோல்ட்டைச் சீராகத் தரும் மின்வழங்கியை இணைக்க வேண்டும். ஏர்கோன், விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஹாஃப்கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) கிடைக்கும் இசியு மலிவுதான், ஆனால் அதில் வேறொரு காரின் இம்மொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் அமைப்பு) தரவு இருந்தால் உங்கள் சாவியை அது ஏற்காது.