காளை விந்து பத்தி பொண்ணு படிக்கலாமா? கோத்தகிரி அக்காவுக்கு பதில்

அக்கா, நேத்து போன்ல அந்த வார்த்தைய சொல்லவே தயங்கினீங்க, உங்க பொண்ணு கால்நடை டாக்டருக்கு படிச்சு காளையோட விந்து பத்தி படிக்கணும்ங்கறா, சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு. உங்க வீட்டு பசுவுக்கு சினை ஊசி போட ஆள கூப்பிடுறப்ப யாராச்சும் கூச்சப்படுறோமா? அதே விஷயம்தான் இது. விந்து அடைச்சு வைக்கற ஸ்ட்ரா மாதிரி ஒரு சின்ன குச்சில 0.25 மில்லிதான் இருக்கும், அதுக்குள்ள சுமார் 2 கோடி விந்தணு, மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் கேன்ல தூங்கிட்டு கிடக்கும். இத தயாரிக்கற ஜெர்சி காளைப் பண்ணை நம்ம ஊட்டிலயே ஆவினுக்கு இருக்கு.

ஊட்டி குளிருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. காளையோட விரை உடம்பு சூட்ட விட 4, 5 டிகிரி கம்மியா இருந்தாதான் விந்தணு ஒழுங்கா உருவாகும், ஒரு விந்தணு உருவாக 60 நாள் பக்கம் ஆகறதால இன்னிக்கு அடிச்ச வெயிலோட பாதிப்பு சில வாரம் கழிச்சுதான் தெரியும். அப்புறம் விந்தணுவோட சேர்ற தண்ணிய சுரக்கற சுரப்பிங்க. காளைக்கு விந்துப்பை சுரப்பி பெருசு, விந்துல பெரும்பங்கு தண்ணி அதுலருந்துதான் வருது. பன்னிக்கு சிறுநீர்க்குழாய் பக்கத்துல இருக்கற கௌபர் சுரப்பி பெருசு, ஜெல்லி மாதிரி கட்டியும் சேந்து ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேலயே வரும். செம்மறி கடாவுக்கு 1 மில்லிதான், ஆனா அவ்வளவு அடர்த்தி. அதனால ஒவ்வொண்ணுக்கும் எடுக்கறது, கலக்கறது, உறைய வைக்கறது எல்லாமே வேற வேற, படிக்க படிக்க வந்துட்டே இருக்கும். ஊட்டி பக்கம் சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கறது உங்களுக்கே தெரியும், நீலகிரி செம்மறி ஆட்டுக்கு அங்க வேலை நடக்குது.

உங்க பயத்துல ஒரு நியாயம் இருக்குக்கா, ஆனா அது மானத்துல இல்ல. ஜெர்சி காளை கோவக்கார ஜாதி, அந்த சுரப்பிங்க நல்லா இருக்கான்னு பாக்க தோள் வரைக்கும் கிளவுஸ் மாட்டி பின்பக்கமா கைய விட்டு தடவி பாக்கணும், சாணி பூசாம ஒரு நாளும் போகாது. இத அவளுக்கு நேரா சொல்லிடுங்க.

கால்நடை டாக்டர் படிப்பான பிவிஎஸ்சி அஞ்சரை வருஷம், இன்டர்ன்ஷிப்போட சேத்து. நம்ம ஸ்டேட் சீட்டுக்கு நீட் வேண்டாம், ப்ளஸ் டூ பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்தான், கட்ஆஃப் அதிகம். உடுமலைப்பேட்டைலயே காலேஜ் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மேல்படிப்பு எம்விஎஸ்சி, அதுலதான் இனப்பெருக்கம் தனியா எடுக்கணும்.

அடுத்த தடவை உங்க மாட்டுக்கு ஊசி போட வர்றப்ப அவள பக்கத்துல நிக்க வைங்க, முகம் சுளிக்கறாளா கேள்வி கேக்கறாளான்னு பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க.