விசாவில் இருப்பவர் துவக்குப் பூட்டலாமா? திருகோணமலைத் தம்பி ஒருவருக்கு ஒகாயோவிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். உப்புவெளியிலிருந்து எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக்கு வந்து முதலாவது குளிர்காலத்தைக் கடந்திருக்கிறீர்கள். வேலைத்தலத்தில் உங்களோடு நன்றாகப் பழகும் அமெரிக்க நண்பர் ஒருவர், தன் வீட்டுக் கராஜில் .50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) றைபிள் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப்போகிறார். செலவில் பாதியை நீங்கள் போட்டால் இருவரும் சேர்ந்தே செய்யலாம் என்று அழைக்கிறார். துவக்கு தன் பெயரில் தன் வீட்டிலேயே இருக்கும் என்பதால் உங்களுக்குச் சிக்கல் வராது என்றும் சொல்கிறார். இது சட்டப்படி சரிதானா, கிறீன் காட் என்ற நிரந்தர வதிவிட அலுவலுக்கு இதனால் பாதிப்பு ஏதும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பருக்கு அது சரி, உங்களுக்குச் சரியில்லை. இன்றைய நிலையில் அந்த வேலையில் நீங்கள் கை வைக்கவும் கூடாது, காசு போடவும் கூடாது.

இந்த நாட்டில் குடியுரிமை உள்ள, குற்றப்பதிவு எதுவும் இல்லாத ஒருவர் தன் சொந்தப் பாவனைக்காகத் துவக்கு ஒன்றைப் பூட்டிக்கொள்வதை மத்திய அரசின் சட்டம் தடுப்பதில்லை. விற்பதற்கென்று செய்தால்தான் உற்பத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். பாகங்களுக்குள் றிசீவர் என்ற நடு உடற்பகுதியைத்தான் சட்டம் துவக்காகவே கணக்கெடுக்கிறது. தொடர் இலக்கம் பொறிக்கப்படுவதும், அனுமதி பெற்ற வியாபாரியிடம் 4473 என்ற படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்குப் பிறகு வாங்க வேண்டியதும் அந்தப் பகுதிதான். குழல், கைபிடி, விசைத்தொகுதி போன்ற மற்றவை பார்சலில் வாசலுக்கே வந்து சேரும். வயல் காவலுக்கு வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கச்சேரிக்கும் பொலிஸ் நிலையத்துக்குமாக நடந்தவர்களைக் கண்டு வளர்ந்த நமக்கு, துவக்குக் குழலொன்று தபால்காரர் கையால் வருவது நம்ப முடியாத விடயமாகத்தான் தோன்றும். அந்த ஆச்சரியத்தில், இங்கே எல்லாமே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அரைகுறையாக முடித்த றிசீவர்களையும், இலகுவில் துவக்காக்கக்கூடிய பாகத் தொகுதிகளையும் துவக்காகவே கணக்கெடுக்க வழிசெய்யும் விதியொன்று 2022இல் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றமும் 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றுக்கொண்டது. இலக்கமில்லாத தொகுதியை இணையத்தில் வாங்கி யாருக்கும் தெரியாமல் பூட்டலாம் என்று பழைய காணொளிகள் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியாக வந்த கூட்டாட்சிச் சட்டத்தில், துவக்கு வைத்திருக்கக் கூடாதவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பாரிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களோடு ஒரே வரிசையில், குடியேற்றமல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். எச்-1பி, எப்-1 என்ற மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாம் அந்த வகைக்குள் வருகின்றன. கிறீன் காட் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் மட்டும் இந்தத் தடை நீங்கிவிடாது. காட் கைக்கு வர வேண்டும். தடை துவக்குக்கு மட்டுமல்ல, ரவைக்கும் உண்டு. நண்பர் நினைவாகத் தந்த நிரப்பிய ரவை ஒன்று உங்கள் மேசை இலாச்சியில் கிடந்தால், துவக்கே இல்லாவிட்டாலும் அது குற்றம். இந்தப் பிரிவை மீறுபவருக்கான உச்சத் தண்டனை 2022இல் 15 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது.

"அவர் பெயரில், அவர் வீட்டில்" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. கைவசம் வைத்திருத்தல் என்பதை இங்குள்ள நீதிமன்றங்கள் அகலமாகவே பார்க்கின்றன. துவக்கு சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்றில்லை. அதை எடுத்துப் பாவிக்கும் அதிகாரமும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால் போதும், இருவர் சேர்ந்தும் ஒரு பொருளைக் கைவசம் வைத்திருக்கலாம். பாதிக் காசு உங்களுடையது, கராஜின் திறப்பு இலக்கம் உங்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பூட்டுகிறீர்கள் என்றால், அது உங்களுடையதல்ல என்று வாதாட எந்தச் சட்டத்தரணியும் சிரமப்படுவார். காசின் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வாங்கத் தடையுள்ள ஒருவருக்காக வேறொருவர் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது 2022 முதல் தனியான கூட்டாட்சிக் குற்றம். நீங்கள் வங்கி வழியாக அனுப்பும் பங்கும், "நம்முடைய றைபிள் எப்போது வரும்" என்று கைத்தொலைபேசியில் எழுதும் ஒரு வரியும் அந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகிவிடும். இதில் அவரும் மாட்டிக்கொள்வார். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டே துவக்கையோ ரவையையோ உங்கள் கையில் கொடுப்பது அவர் செய்யும் குற்றமாகவும் ஆகிறது. மறுப்பதற்கு முகம் முறியாத காரணமாக இதையே சொல்லுங்கள். "எனக்கு மட்டுமல்ல, உனக்கும் வழக்கு வரும்" என்றால் அமெரிக்கர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். துவக்குப் பிரியர்களில் பெரும்பாலானோர் சட்டத்தை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது பெரும்பாலும் விசாச் சட்டம்தான்.

சும்மா சுடுதளத்துக்குப் போய் ஒருமுறை சுட்டுப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலிருந்து மாணவர் விசாவில் வந்த ரெஹாய்ஃப் என்பவர் புள்ளிகள் குறைந்ததால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். வேறு இடத்துக்கு மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும், இல்லையேல் குடிவரவு நிலை முடிந்துவிடும் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் போகாமல் இருந்து சுடுதளமொன்றில் இரண்டு துவக்குகளால் சுட்டார். அதற்காகவே கைவசம் வைத்திருந்த குற்றம் சாட்டப்பட்டு அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. தன் குடிவரவு நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் 2019இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது உண்மைதான். ஆனால் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டது கைவசம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உங்கள் விசா எதுவென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆகவே அந்த வழியால் நீங்கள் தப்பவும் முடியாது.

விலக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய வேட்டை அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால், குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவருக்கான அந்தத் தடை பொருந்தாது. இந்திய நண்பர்கள் சிலர் இந்த வழியில் மான் வேட்டைக்கே போகிறார்கள். ஒகாயோவில் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுப்பவர் பொதுவாக வேட்டைக் கல்விப் பாடநெறியை முடித்திருக்க வேண்டும். உண்மையிலேயே வேட்டையிலோ இலக்குச் சுடுதலிலோ விருப்பம் இருந்தால் இது நேரான வழி. ஆனால் அனுமதிப்பத்திரம் காலாவதியாகிவிட்டால், அதுவரை சட்டப்படி அலுமாரியில் இருந்த அதே துவக்கு மறுநாள் குற்றப் பொருளாகிவிடும். புதுப்பிக்க மறந்தது நல்ல சாக்காகாது. உங்கள் நண்பர் அழைக்கும் வேலைக்கு இந்த விலக்கை ஒரு முகமூடியாகப் போட்டுக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

இவ்வளவும் சாதாரணத் துவக்குக்கே உரியவை. பெரிய காலிபருக்கு வேறு கோடுகளும் உண்டு. 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டப்படி, குழலின் உள்விட்டம் அரை அங்குலத்தை, அதாவது 12.7 மில்லிமீற்றரைத் தாண்டினால், விளையாட்டுக்குரியவை என்று ஏற்கப்பட்ட ஷொட்கன்களைத் தவிர, அது அழிவு ஆயுதம் என்ற வகைக்குள் போய்ப் பதிவுக்கு உட்படும். .50 றைபிள் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டும்போது இன்னொரு கோட்டையும் தெரியாமல் தாண்டிவிடலாம்: தோள்பிடி பூட்டிய துவக்கின் சுழிவரியிட்ட குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், முன்கூட்டியே பதிவு செய்யாதவரை அது கூட்டாட்சிக் குற்றம். பிஸ்டல் பாகங்களையும் றைபிள் பாகங்களையும் ஒரே மேசையில் கலந்து வைத்துக்கொண்டு விளையாடுபவர்கள் இதில்தான் விழுகிறார்கள். மாநிலத்துக்கு மாநிலமும் சட்டம் மாறும். ஒகாயோ .50 றைபிளைத் தடுக்கவில்லை. கலிபோர்னியா 2005இலிருந்தும் இலினோய் 2023இலிருந்தும் தடுத்திருக்கின்றன.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். .50 ரவை ஒன்று 138 மில்லிமீற்றர் நீளம். உள்ளங்கையில் கிடத்தினால் விரல்களின் நடுப்பகுதி வரை வரும், பித்தளைக்கூடு ஏறத்தாழப் பெருவிரல் அளவுக்குத் தடித்திருக்கும். சுடும் இடத்துக்கு அடுத்த மேசையில் நின்றால், சத்தம் காதில் கேட்பதற்கு முன் காற்று நெஞ்சில் அறைவது போலிருக்கும், நிலத்திலுள்ள தூசு முழுவதும் எழும்பும். சுடும்போது எழும் அமுக்கத்தைத் தாங்கும் பூட்டு ஒரு மயிரிழை பிசகினாலும் துவக்கு சுடுபவர் பக்கமே திரும்பிவிடும். 2021இல் அமெரிக்க யூடியூபர் ஒருவர் கமராவுக்கு முன்னால் சுட்டபோது .50 றைபிள் பின்புறமாக வெடித்து அவருடைய கழுத்து நாளம் அறுந்தது. காயத்துக்குள் பெருவிரலை வைத்து அழுத்தியபடி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் உயிர் தப்பினார். அது வீட்டில் பூட்டியதுகூட அல்ல, தொழிற்சாலையில் செய்தது. கராஜில் இரண்டு பேர் மாலைநேரப் பொழுதுபோக்காகப் பூட்டியதற்கு முன்னால் நான் நிற்க மாட்டேன்.

கிறீன் காட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்கே. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில், நாட்டுக்குள் வந்தபின் எப்போதாவது சுடுகலன் தொடர்பான சட்டமொன்றை மீறியதாகத் தண்டிக்கப்படும் வெளிநாட்டவரை நாடுகடத்தலாம் என்ற தனிப்பிரிவு உண்டு. வாங்குதல், விற்றல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல் எல்லாம் அதில் வருகின்றன. முழுத் துவக்கு மட்டுமல்ல, அதன் பாகமும் துணைக்கருவியும்கூட அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. கிறீன் காட் கிடைத்தபிறகும், குடியுரிமை பெறும் நாள்வரை, இந்தப் பிரிவு உங்கள் தலைக்கு மேல் இருக்கும். தண்டனை சிறியது, அபராதம் கட்டினால் முடிந்தது என்று குற்றவியல் சட்டத்தரணி ஒருவர் சொல்லலாம்; குடிவரவுப் பக்கத்தில் அதே வழக்கு வாழ்க்கையையே பெயர்த்துவிடும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 ஒக்டோபரில் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. குடியுரிமை விண்ணப்பத்தில், ஆயுதக் குழுவில் இருந்தீர்களா, ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா, ஆயுதம் விற்றவருக்கு உதவினீர்களா என்ற கேள்விகள் வரும். வடக்கிலோ கிழக்கிலோ பிறந்தவரிடம் அந்தக் கேள்விகளை அதிகாரி சற்று நிறுத்தியே கேட்பார். திருகோணமலையில் பிறந்த ஒருவர் பெரிய றைபிளுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் முகநூலில் கிடந்தால் அந்த நேர்காணல் எப்படிப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். இதில் நியாயம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் படத்தைப் போடாதீர்கள், ஊரில் உள்ளவர்களுக்கும் அனுப்பாதீர்கள். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் மருமகன் அதைத் தன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவான்.

பயணங்களிலும் கவனமாக இருங்கள். ஒகாயோவில் இருப்பவர்கள் நீண்ட வார இறுதி வந்தால் கனடாவின் ஸ்காபுரோவில் உள்ள உறவினர்களைப் பார்க்கக் காரில் கிளம்பிவிடுவோம். கனடா 2020 மே 1ஆம் திகதி 10,000 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோடு சுடக்கூடிய துவக்குகளைத் தடை செய்தது; .50 றைபிள் அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டுகிறது. நண்பரின் காரை இரவல் வாங்கி எல்லைக்குப் போகாதீர்கள், உங்கள் காரில் அவருடைய பெட்டி எதையும் ஏற்றாதீர்கள். இருக்கைக்குக் கீழ் உருண்டு கிடக்கும் ஒரே ஒரு ரவையே எல்லையில் போதிய தலையிடி. ஊருக்குப் போகும்போது இன்னும் மோசம். இலங்கையில் சுடுகலன்கள் 1916ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின் கீழ் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெற்று ரவைக்கூட்டை அழகுப்பொருள் என்று பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கினால், அது அழகுப்பொருள் என்று நீங்கள் விளக்கி முடிக்கும்போது திருகோணமலை பஸ் போய்விட்டிருக்கும். துவக்குப் பாகங்களை ஏற்றுமதி அனுமதியின்றி எடுத்துச் செல்வது அமெரிக்கப் பக்கத்திலும் குற்றமாகும்.

உங்கள் தாத்தாவின் துவக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தம்பலகாமத்து வயலில் பன்றிக்குக் காவல் இருந்து, போர் தொடங்கியதும் பொலிஸில் ஒப்படைத்து, திரும்பி வராமலே போன துவக்கு. அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவருக்கு, யாரிடமும் கேட்காமல் தானே ஒன்றைப் பூட்டலாம் என்ற எண்ணம் இனிக்கத்தான் செய்யும். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. குடியுரிமை கிடைத்த பிறகும் அது இருந்தால், முறையாக வாங்கிய சிறிய துவக்கோடு பயிற்றுநர் ஒருவரிடம் போய்த் தொடங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காசு இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்பதற்கும் நண்பருக்கு இதைப்பற்றி மேலும் எழுதுவதற்கும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். குறுஞ்செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். அழித்தது இன்னொரு கேள்வியாக வரும். போகும்போது கடவுச்சீட்டு, ஐ-94 என்ற நாட்டு வருகைப் பதிவு, எச்-1பி அங்கீகாரக் கடிதம், கிறீன் காட் விண்ணப்ப ரசீது ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். உங்கள் நிறுவனத்தின் சட்டத்தரணியிடம் இதைக் கேட்காதீர்கள். அவர் நிறுவனத்துக்கும் பொறுப்பானவர். தனியாக ஒருவரை அமர்த்தி, முதல் சந்திப்புக்கான கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.