மைனா கிளறுகிறதா? புல்லுக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் ஒரு சின்ன விடுதியின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மாதமாக மைனாவும் காகமும் காலையிலேயே கூட்டமாக இறங்கி, முன்பக்கப் புல்தரையைக் கிளறிப் போடுகின்றன. சில இடங்களில் புல் பாளம் பாளமாகப் புரண்டு கிடக்கிறது. பின்பக்கம் போட்ட பீட்ரூட் நாற்றும் போஞ்சி முளையும் நாசமாகின்றன. சிடி கட்டினேன், பொம்மை வைத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. சோற்றில் மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா ஐயா?

பதில்: வைக்காதீர்கள் தம்பி. அந்தச் சோற்றை மைனா மட்டும் தின்னாது. பக்கத்து லயத்துக் கோழி தின்னும், நாய் தின்னும், விளையாட வரும் பிள்ளையின் கையிலும் படும். காட்டுப் பறவைகளுக்கு நஞ்சு வைத்தால் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வனசீவராசிகள் சட்டத்திலும் போய் மாட்டிக்கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் உங்கள் புல்தரை அப்படியேதான் கிடக்கும், ஏனென்றால் அதைக் கெடுத்தது பறவை இல்லை என்பது என் சந்தேகம்.

புல் பாளமாகப் புரள்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறி தட்டிய இடம். வேர் நன்றாகப் பிடித்த புல்லைக் காகத்தால் அப்படிப் புரட்ட முடியாது. கையால் ஒரு பிடி பிடித்து இழுத்துப் பாருங்கள். பாய் சுருட்டுவதுபோல் வந்தால் அடியில் வேரே இல்லை என்று அர்த்தம். வேரைத் தின்றது வெண்புழு, அதாவது வண்டின் புழு. பறவை வருவது அந்தப் புழுவுக்காக.

நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். கெட்ட இடத்தின் நடுவில் வேண்டாம், ஓரத்தில், நல்ல புல்லும் மஞ்சள் புல்லும் சந்திக்கும் இடத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மம்பட்டியால் வெட்டி மூன்று அங்குல ஆழத்துக்குப் புரட்டுங்கள். மண்ணைக் கையால் உதிருங்கள். வெள்ளையாக, கொழுத்து, தலை மட்டும் பழுப்பாக, தலைப்பக்கம் ஆறு கால்களோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடப்பதுதான் வெண்புழு. வால்பக்கத் தோலுக்குள் தின்ற மண் கறுப்பாகத் தெரியும். இப்படி நான்கைந்து இடத்தில் பாருங்கள். சதுரத்துக்கு இரண்டு மூன்று இருந்தால் கவலை வேண்டாம், நல்ல புல் அதைத் தாங்கும். பத்துக்கு மேல் இருந்தால் கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

புழுவே இல்லாமல் பென்சில் பருமனில் ஓட்டை மட்டும் இருந்தால் அது மைனா அலகை விட்டு மண்புழுவும் சின்னப் பூச்சியும் தேடிய அடையாளம். அதை அப்படியே விடுங்கள், ஒரு மழைக்கு மூடிவிடும். உழுத மாதிரி அகலமாகக் கிளறியிருந்தால் பறவையே இல்லை, இரவில் காட்டுப்பன்றி வந்து போகிறது. அப்படியென்றால் வேலியைப் பாருங்கள்.

வெண்புழு இருந்தால் நான் முதலில் மருந்துக் கடைக்குப் போகமாட்டேன். புரண்ட பாளங்களை ஒதுக்கிவைத்து, அடி மண்ணைத் தோட்ட முள்ளுக்கரண்டியால் குத்திக் கிளறி, நாலு நாட்டுக்கோழியை இரண்டு மணி நேரம் விட்டால் போதும். மிஞ்சியதை வாளியில் பொறுக்குங்கள். பிறகு மண்ணைச் சமப்படுத்தி, மக்கிய எருவும் மணலும் கலந்து மெல்லத் தூவி, பாளத்தைத் திருப்பி வைத்து மிதித்து, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மேலே கோழிக்கூட்டுக் கம்பி வலையைப் படுக்கப் போட்டு முளையடித்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வேர் பிடிக்கும் வரைக்கும் காகம் திரும்பப் புரட்டாமல் இருக்க அது போதும். விருந்தாளிகள் காலில் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கேள்வி நான் கேட்கிறேன். புல்லுக்குப் பச்சைச் சாணம் போட்டீர்களா? பாதி மக்கிய சாணம் வண்டுக்கு அழைப்பிதழ் மாதிரி. நன்றாக மக்கி, மண் வாசனை வந்த பிறகுதான் போட வேண்டும். புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஏப்ரல் மழை விழுந்ததும் இருட்டியபின் வண்டு மண்ணைவிட்டுப் பறக்கும். அந்த நாட்களில் முற்றத்துப் பெரிய லைட்டை இரவு முழுவதும் எரிய விட்டால் ஊர் வண்டெல்லாம் உங்கள் புல்தரைக்குத்தான் வரும். அதை அணைத்துவிட்டு, ஒரு ஓரத்தில் சின்ன பல்பைத் தொங்கவிட்டு, கீழே சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய பேசின் வைத்தால் வண்டு அதில் விழும்.

பின்பக்கப் பாத்தி வேறு கதை. அங்கே உண்மையாகவே பறவை தின்னலாம். ஆனால் அங்கேயும் குற்றவாளியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நாற்று வேரோடு பிடுங்கப்பட்டுப் பக்கத்தில் கிடந்தால் காகம். போஞ்சி விதையே காணாமல் போனால் புறா. இலையும் பிஞ்சும் கொத்திக் கிழிந்திருந்தால் கொண்டைக்குருவியாக இருக்கலாம். தண்டு மண்மட்டத்தில் கத்தரித்ததுபோல் அறுந்து கிடந்தால் வெட்டுப்புழு, அது இரவு வேலை. அந்த நாற்றின் அடியில் விரலால் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். இலையில் பளபளவென்று கோடு இருந்தால் நத்தை. விடிந்து பார்க்கும்போது பாத்தியில் நிற்பது பறவை என்பதால் பழி முழுக்க அதன் தலையில்.

பறவைதான் என்றால் வலை ஒன்றே வழி. கண் இரண்டு சென்டிமீட்டருக்குக் கூடாத வலையாக வாங்குங்கள். மூங்கிலை வளைத்துக் குத்தி, அதன்மேல் இழுத்துக் கட்டுங்கள், தளர்வாகத் தொங்கக்கூடாது. ஓரத்தைப் பலகையோ கல்லோ வைத்து அமுக்குங்கள், இல்லாவிட்டால் புறா நடந்தே உள்ளே போகும். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்துவிடலாம். பழைய நைலோன் மீன்வலையை மட்டும் போடாதீர்கள். ஒருமுறை என் ஸ்ட்ரோபெரிப் பாத்திக்குப் போட்டு, விடியும்போது ஒரு கொண்டைக்குருவி இறக்கையும் காலும் சிக்கித் தொங்கியது. கத்தரிக்கோலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதை எடுத்தேன். அன்றைக்கே அந்த வலையைச் சுருட்டிவிட்டேன்.

சிடி பற்றி ஒரு வார்த்தை. பறவை இறங்குவது காலை ஆறு, ஏழு மணிக்கு. அந்த நேரம் உங்கள் பக்கம் பனிமூட்டம். வெயிலே இல்லாமல் சிடி எப்படி மின்னும்? பொம்மையும் ஒரே இடத்தில் நின்றால் நாலாம் நாள் காகம் அதன் தோளில் உட்காரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால், விதை முளைக்கும் ஒரு வாரத்தை ஓட்டலாம், அவ்வளவுதான்.

எண்ணிக்கை அதிகமாகி மருந்துதான் வேண்டும் என்று தோன்றினால், புழுவை ஒரு போத்தலில் போட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம்.

அப்புறம், கோழியை விடும் அன்றைக்குப் பின்பக்கப் பாத்தியின் வலை சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோழிக்கு வெண்புழுவும் ஒன்றுதான், உங்கள் பீட்ரூட் நாற்றும் ஒன்றுதான்.